தொழில் மென்பொருள் பயிலும் வழி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் கணிப்பொறிக்கும் யாது உறவு என்று உங்களுட் சிலர் வியத்தல் கூடும். செயலாளர் அவர்கள் இப்பொருளைப் பற்றிப் பேசுமாறு பணித்தபொழுது யாமும் சிறிது தயங்கினோம். ஆயினும் தயக்கம் நீங்குதற்குக் காரணம் ஒன்றுண்டு. எம்மிடம் யாப்பும் அணியும் பயின்ற பிள்ளைகள் இன்று கோவையிலும் திருப்பூரிலும் பல்லடத்திலும் ஈரோட்டிலும் தொழில் செய்கின்றனர். அவர்கள் விடுமுறை நாள்களில் எம் இல்லத்திற்கு வருங்கால் நன்னூற் சூத்திரத்தைப் பற்றி வினவுவதில்லை. "ஏனுங்க ஐயா, எங்க கம்பெனியில புதுசா ஒரு சாப்ட்வேர் வாங்கியிருக்காங்க, இதை எங்கீங்க படிக்கிறது?" என்றே வினவுகின்றனர். ஒருவர் இருவர் அல்லர், பலர் இவ்வாறு வினவியமையால் விடை தேடுவது எமக்கும் ஒரு கடமையாயிற்று. தேடிக் கண்டவற்றையே ஈண்டுக் கூற வந்தோம்.

மென்பொருள் என்பதில் இருவகை உண்டு. ஊரார் அனைவரும் புழங்குவது ஒருவகை. கடிதம் எழுதுதல், அட்டவணை போடுதல் முதலியவற்றுக்குரிய மென்பொருள்கள் இவ்வகையின. இவற்றைக் கற்பிப்பார் தெருவுக்கு ஒருவர் உளர். மற்றொரு வகை, ஒரு தொழிலார் மட்டுமே புழங்குவது. பின்னலாடைக்கு வடிவம் வெட்டும் மென்பொருள், வார்ப்படம் உறைவதைத் திரையில் முன்கூட்டியே காட்டும் மென்பொருள், நூற்பாலையின் பஞ்சு இருப்பையும் நூல் இருப்பையும் கணக்கிடும் மென்பொருள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தன. இவற்றைக் கற்பிப்பாரைக் காண்டல் அரிது. நூல் கேட்டால் நூல் இல்லை. இருப்பின் ஆங்கிலத்தில் இருக்கின்றது. அதுவும் விற்றவர் கையில் இருக்கின்றது. இடர்ப்பாடு யாவும் இவ்விரண்டாம் வகையிலேயே எழுகின்றது.

இவ்வருமைக்குக் காரணம் யாது? கற்பிப்போரும் பிழைக்க வேண்டும் அன்றோ? ஆயிரம் மாணாக்கர் வரும் பாடத்திற்கு ஆசிரியர் பதின்மர் தோன்றுவர். ஆண்டுக்கு நால்வர் வரும் பாடத்திற்கு ஒருவரும் தோன்றார். விற்கும் நிறுவனத்தாரோ பயிற்சியையும் பண்டத்தோடு சேர்த்து விலை கூறுகின்றனர். மூன்று நாள் பயிற்சி என்று வந்து, முதல் நாளைப் பொருத்துவதிலும் மூன்றாம் நாளைக் கையொப்பம் வாங்குவதிலும் போக்கி விடுகின்றனர். அப்பயிற்சியைப் பெற்ற ஒரே பணியாளர் ஆறு திங்களில் வேறிடம் செல்வாராயின், வாங்கிய மென்பொருள் பெட்டியில் பூட்டிய பொன்போல் கிடக்கும்.

இது வெறுங் கற்பனை அன்று. நம் உறுப்பினர் ஒருவர் சோமனூர்ப் பக்கத்தில் நூல் வாணிகம் செய்பவர். கணக்கெழுதிய இளைஞர் நல்லவர். கூடுதல் ஊதியம் கிடைத்தமையால் பெங்களூர் சென்று விட்டார். கடவுச்சொல்லை எழுதி வைத்துத்தான் சென்றார். ஆயினும் உள்ளே நுழைந்தவர்க்கு எது எங்கே இருக்கின்றது என்பது தெரியவில்லை. சரக்கு சேவை வரியின் மாதக் கணக்கை மறு திங்கள் 20ஆம் தேதிக்குள் செலுத்துதல் வேண்டும். நாள் கடந்தால் தண்டமும் வட்டியும் ஏறும்; வாங்கினோர்க்கு வரவு வைக்க வேண்டிய வரியும் தடைப்படும்; அவர்கள் அடுத்த கொள்முதலை வேறு கடைக்கு மாற்றுவர். நாற்பது ஆண்டு நாணயமாக நடத்திய வாணிகம் ஓர் இளைஞரின் விரல் நுனியில் தொங்கிக் கொண்டிருந்தமையை அவர் அந்த வாரந்தான் உணர்ந்தார். இத்தகைய வீடுகள் நம்மிடையே எத்தனை உள என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் எண்ணிக் கொள்க.

கணக்கு மென்பொருளில் நாடறிந்தது டேலி. இதன் தோற்றமே நம் பொருளுக்கு ஒரு சான்றாகும். சியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் எந்திர உறுப்புகளும் விற்று வந்தார். அவற்றுள் நெசவாலைகளும் அடங்கும். தம் கணக்கைப் பார்த்துக்கொள்ளத் தக்க மென்பொருள் கிடைக்காமையால், கணிதம் பயின்ற தம் மைந்தர் பரத் கோயங்காவை ஒன்று ஆக்குமாறு ஏவினார். 1986இல் தோன்றிய அம்முயற்சியே பின்னர் டேலியாக வளர்ந்தது. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அது சிற்றூர்க் கடை வரையில் நுழைந்தது. 2023 ஆகஸ்டு 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைக் கடந்த வணிகர், பிற வணிகர்க்கு அனுப்பும் பட்டியலை மின்பட்டியலாக அரசின் தளத்திற் பதிந்து எண் பெறுதல் வேண்டும் என்றாயிற்று. பெருநிறுவனங்களுக்கே உரியது என்று நாம் கருதியிருந்த கடமை, இவ்வாறு படிப்படியாக நம் விசைத்தறிக் கூடத்து வாயிலுக்கும் வந்து சேர்ந்தது.

டேலியைக் கற்கத் தமிழில் நூல் உண்டா என்று பலர் கேட்கின்றனர். உண்டு, அது நம் வீட்டுப் பரணிலேயே இருக்கலாம்! தமிழ்நாட்டு அரசின் பாடநூற் கழகம் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலின் இறுதி அலகு டேலியைப் பற்றியதே. பதினோராம் வகுப்பு நூலோ இரட்டைப் பதிவு முறையைத் தெளிந்த தமிழில் விளக்குகின்றது. தேர்வு முடிந்த மறுநாள் இந்நூல்களைப் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போடும் வழக்கம் நம்மிடையே இருக்கின்றது. கணக்கெழுதும் வேலைக்கு மகனையோ மகளையோ அனுப்பக் கருதுவோர் அவ்விரு நூல்களையும் எடைக்குப் போடாதிருப்பாராக.

ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். அவ்வலகு எழுதப்பட்ட காலத்தில் வழங்கியது டேலி ஈ.ஆர்.பி. 9 என்னும் பதிப்பு. 2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தது. கணக்கின் நெறி மாறவில்லை. திரையின் அமைப்பும் விசைகளும் மாறின. பழைய பதிப்பின் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதிய திரையின்முன் அமர்ந்தவர், ஏட்டில் கண்ட பொத்தான் திரையில் இல்லாமை கண்டு, தமக்கு அறிவு போதாது என்று மனம் உடைகின்றார். அறிவில் குறையில்லை, பதிப்பு வேறு. சுவடிகளில் பாடபேதம் கண்டு பழகிய எமக்கு இது புதிதன்று. எந்த மென்பொருளைக் கற்கப் புகினும், நூலாயினும் காணொளியாயினும் முதற்கண் பார்க்க வேண்டுவது அஃது எப்பதிப்புக்கு உரியது, எவ்வாண்டில் வெளிவந்தது என்பதே. பெரும்பாலார் இதனைப் பார்ப்பதேயில்லை.

பணங்கொடுத்து உரிமம் வாங்காமலே டேலியைப் பழகவும் வழி உண்டு. கல்வி முறை என்று ஒன்றை அதனுள்ளேயே வைத்திருக்கின்றனர். அம்முறையில் திங்களின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு செய்யலாம். கடைக்கு உதவாது, கற்பார்க்குப் போதும். இஃது இருக்கவும், திருட்டுப் படியை நூறு ரூபாய்க்கு வாங்கிக் கணிப்பொறியில் ஏற்றி, அதனோடு வந்த நச்சுநிரலால் கணக்கனைத்தும் இழந்தோரை யாம் அறிவோம்.

இனி அரிய மென்பொருள்களுக்கு வருவோம். ஈண்டுத்தான் எம் துறையிலிருந்து ஒரு செய்தி சொல்ல நினைக்கின்றோம்.

1880ஆம் ஆண்டில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயரவர்கள் வரிசைப்படுத்தினார். முதலியாரோ அவற்றில் மனஞ்செல்லாதவராய், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பல்லாண்டு பாடங்கேட்ட ஐயரவர்கள் அதனைக் கண்டதுமில்லை. சுவடி கிடைத்தது; படித்தார்; பொருள் விளங்கவில்லை. சைன சமயத்தாரின் மரபுச் சொற்கள் அந்நூலெங்கும் விரவியிருந்தன. பெரும்புலவரைக் கேட்டுப் பயனில்லை. பின்னர்க் கும்பகோணத்திலேயே வாழ்ந்த சைன இல்லறத்தார் சிலர் அந்நூலைத் தம் வீட்டில் முறையாகப் படித்து வருவது தெரிந்தது. அவர்கள் பட்டம் பெற்ற பண்டிதர் அல்லர். ஆயினும் ஐயரவர்களுக்கு விளங்காத இடங்களை எளிதில் விளக்கினார்கள். 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

இதனை ஏன் கூறினோம்? அரிய நூலின் பொருள், அதனைக் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவரிடம் இல்லாமல், அதனை நாள்தோறும் புழங்குவாரிடம் இருந்தது. அரிய மென்பொருளின் நிலையும் இதுவே. வெட்டும் மேசையின் அருகே நிற்கும் மாஸ்டரிடமும், உலைக்களத்தருகே வியர்வை சிந்தும் மேற்பார்வையாளரிடமும், ஆலையின் பஞ்சுக் கிடங்கில் கணக்கெழுதும் முதியவரிடமும் அது இருக்கின்றது. அவர் வீடு நம் தெருவிலேயே இருக்கலாம். நாமோ அவரைத் தாண்டிச் சென்று, கண்ணாடி மாளிகையில் இயங்கும் வகுப்பில் பணங்கட்டுகின்றோம்.

எம் உறவினர் மகள் ஒருத்தி ஆடை வடிவமைப்பு மென்பொருள் பயில விரும்பினாள். தந்தை விசைத்தறித் தொழிலாளி. கைக்கு எட்டாத தொகையைக் கடன் வாங்கி ஒரு பயிற்சி நிலையத்தில் மகளைச் சேர்த்தார். மூன்று திங்கள் சென்றன. கோடு இழுக்கவும் வளைக்கவும் அளவு கூட்டவும் குறைக்கவும் திரையில் கற்றுக் கொண்டாள். பொன்னெழுத்திற் பொறித்த சான்றிதழும் கிடைத்தது. திருப்பூரில் வேலைக்கும் சேர்ந்தாள். முதல் வாரத்தில், "இத்துணி சலவையில் நீளத்தில் இத்தனை, அகலத்தில் இத்தனை சுருங்கும், அதற்கேற்ப வடிவத்தைப் பெருக்கிக் கொண்டுவா" என்றனர். அவளுக்கு விளங்கவில்லை. பின்னல் துணி சுருங்கும் என்பதையே அந்நிலையத்தார் அவளுக்குச் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் வீடு திரும்பி விட்டாள். கடன் மட்டும் திரும்பவில்லை.

பின்னர் நிகழ்ந்தது கேட்கத் தக்கது. அவர்கள் தெருவில் ஓய்வுபெற்ற வெட்டு மாஸ்டர் ஒருவர் இருந்தார். கணிப்பொறியைத் தொட்டறியாதவர். அவளை அவரிடம் அனுப்பினோம். ஆறு வாரம் காகிதமும் கத்தரிக்கோலுமாகப் பாடம் நடந்தது. உடம்புப் பாகம், கை, கழுத்துப் பட்டி ஒவ்வொன்றையும் தாளில் வரைந்து வெட்டினாள். ஓர் அளவிலிருந்து மற்றோர் அளவிற்கு வடிவத்தை வளர்க்கும் முறையையும், துணியின் அகலத்தில் வடிவங்களை இடைவெளியின்றி அடுக்கும் முறையையும் கற்றாள். ஆடையின் அடக்கவிலையில் பெரும்பகுதி துணியே ஆகலின், அடுக்குவதில் நூற்றுக்கு ஒரு பங்கு மீதமானாலும் முதலாளிக்கு அது பெரிய தொகை என்பதை அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதன்பின் திரையின்முன் அமர்ந்தவளுக்கு, முன்பு கற்ற பொத்தான்கள் யாவும் பொருளோடு தோன்றின. மீண்டும் வேலைக்குச் சென்றாள். இன்றும் அங்கு இருக்கின்றாள்.

மென்பொருள் பயில்வோர் முதலில் தொழிலைப் பயில வேண்டும் என்று யாம் வற்புறுத்துவது இதனால்தான். இதில் மற்றோர் ஆதாயமும் உண்டு. பின்னலாடை உலகில் கெர்பர் நிறுவனத்தின் அக்குமார்க், பிரான்சு நாட்டு லெக்ட்ரா நிறுவனத்தின் மொடாரிஸ், ஆப்டிடெக்ஸ், டுகாகேட் எனப் பல மென்பொருள்கள் வழங்குகின்றன. 2021இல் லெக்ட்ரா நிறுவனமே கெர்பரை விலைக்கு வாங்கி விட்டது. நிறுவனங்கள் கைமாறும், பெயர்கள் மாறும். வடிவம் வளர்க்கும் அறிவு மாறாது. ஒன்றில் அவ்வறிவோடு பழகியவர்க்கு மற்றொன்று சில வாரங்களில் வசப்படும். விலையுயர்ந்த இவற்றை வீட்டில் வைத்துப் பழக இயலாதவர்க்கு, வாலென்டினா என்னும் கட்டற்ற மென்பொருள் ஒன்றுண்டு. அதனை இலவசமாக இறக்கி, வடிவம் வரையும் நெறியைப் பழகிக் கொள்ளலாம். ஏற்றுமதி நிறுவனத்தில் அதனைப் புழங்கமாட்டார்கள் என்பது உண்மையே. மணலில் எழுதிப் பழகிய கைதான் முன்னாளில் ஏட்டில் எழுதிற்று.

திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கத்தின் தொடர்புடன் 1997இல் தோன்றிய நிப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி உண்டு. கோவையில், 1956இல் நிறுவப்பெற்ற சிட்ரா என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் உண்டு. இத்தகைய இடங்களில் பட்டம் பெறும் படிப்பையே நம்மவர் வினவுகின்றனர். குறுகிய காலப் பயிற்சிகள் உளவா என்று வினவுவதில்லை. வாயிலில் நின்று கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

வார்ப்படத் தொழிலைப் பற்றி இன்னும் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். கோவையின் பம்பும் மோட்டாரும் அத்தொழிலின் மேல் நிற்கின்றன. உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றுகின்றோம். அது குளிருங்கால் சுருங்குகின்றது. மெல்லிய பகுதி முதலில் உறையும். தடித்த பகுதி இறுதியில் உறையும். இறுதியில் உறையும் இடத்திற்கு உருகிய இரும்பு மேலும் வந்து சேராவிடின் அவ்விடத்தில் உள்ளே பொள்ளல் விழும். வெளியே பார்த்தால் தெரியாது. கடைசலில் தெரியும், அல்லது வாங்கியவர் கிணற்றில் பம்பை இறக்கியபின் தெரியும். ஆகவே அவ்விடத்திற்கு அருகே ரைசர் என்னும் கூடுதற் கட்டியை வைத்து, அது எல்லாவற்றினும் பின்னர் உறையுமாறு செய்வர். எங்கே வைப்பது, எத்தனை பெரிதாக வைப்பது என்பதே இத்தொழிலின் நுட்பம். பெரிதாக வைத்தால் இரும்பும் மின்சாரமும் வீண். சிறிதாக வைத்தால் வார்ப்பே வீண்.

இதனை முன்பு பட்டறிவால் செய்தனர். பத்து வார்த்து நான்கு உடைத்துக் கற்றனர். இப்பொழுது கணிப்பொறியிலேயே வார்த்துப் பார்க்கின்றனர். செருமனி நாட்டின் ஆகன் நகரத்து மாக்மாசாப்ட் உலகெங்கும் வழங்குகின்றது. நம் நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பி. இரவி அவர்கள் ஆட்டோகாஸ்ட் என்பதனை உருவாக்கினார். திரையில் உறையும் வரிசை வண்ணங்களாகத் தோன்றும். சிவந்த இடம் பொள்ளலுக்கு அஞ்சத் தக்க இடம்.

சிறு பவுண்டரி வைத்திருக்கும் நம்மவர் ஒருவரின் மகன் இதனைக் கற்க விரும்பினால் எங்கே செல்வது? கோவைத் தெருக்களில் இதற்கு வகுப்பு எளிதிற் கிட்டாது. ஆனால் அதே பேராசிரியர் குழு, ஈ-பவுண்டரி என்னும் பெயரால் வார்ப்பட வடிவமைப்புப் பாடங்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. வார்ப்படத் தொழிலார்க்கெனவே இந்திய வார்ப்படத் தொழிலார் கழகத்தின் கிளை கோவையில் இருக்கின்றது. 1951இல் தோன்றிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கேயே இருக்கின்றது. தேடுவார்க்கு இவை கண்ணிற் படும். மென்பொருளின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுவார்க்குப் படா. பெயரால் தேடினால் விளம்பரம் வரும். தொழிலின் பெயரால் தேடினால் பாடம் வரும். இவ்வொரு வேறுபாட்டை இளைஞர்கள் மனத்திற் கொள்க.

இங்கும் அடிப்படை முதலில் வேண்டும். 1940இல் குவோரினோவ் என்னும் செக் நாட்டுப் பொறியாளர் ஒரு விதியை வெளியிட்டார். வார்ப்பின் கன அளவை அதன் புறப்பரப்பால் வகுக்க வரும் எண்ணின் வர்க்கத்திற்கு ஏற்ப உறையும் நேரம் அமையும் என்பது அதன் கருத்து. அவ்வெண் இருமடங்காயின் உறைவதற்கு நான்மடங்கு நேரமாகும். பத்தாம் வகுப்புக் கணக்கறிவு இதற்குப் போதும். இதனை அறிந்த இளைஞர், திரையில் தவறான வண்ணம் தோன்றினால், கொடுத்த அளவில் எங்கோ பிழை உளது என்று ஐயுறுவார். அறியாதவர் வண்ணத்தை நம்பி நூறு பம்புக் கூடுகளை வார்த்து விடுவார். கணிப்பொறி, கேட்டதற்கு விடை கூறும். கேட்டது சரியா என்று கூறாது.

பொருளைப் பிரித்துப் பார்த்துக் கற்றல் நம் நாட்டிற்குப் புதிதன்று. கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள் பள்ளிப் படிப்பில் மனம் பற்றாதவர். ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு, உழைத்துச் சேர்த்த பணத்தால் அதனையே வாங்கி, பிரித்தும் பூட்டியும் எந்திர நுட்பம் அறிந்தார் என்பர். மென்பொருளையும் இவ்வாறு பிரித்துப் பார்க்கலாமோ எனின், மூலநிரலை வெளிப்படையாக வழங்குவனவற்றில் பார்க்கலாம். மும்பையில் தோன்றிய ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் என்பது அத்தகையது. கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை அனைத்தும் அதனுள் அடங்கும். விளக்க நூலும் இலவசமே. பெரிய ஆலையில் வழங்கும் விலையுயர்ந்த மென்பொருளின் உள்ளமைப்பு எவ்வாறு இருக்கும் என்பதை அறிய, வீட்டுக் கணிப்பொறியில் இதனை நிறுவி, கற்பனையாக ஒரு நூற்பாலையை அமைத்து, பஞ்சு வாங்கி நூல் விற்றுப் பார்க்கலாம். ஒரு திங்கள் இவ்விளையாட்டை ஆடியவர், நேர்முகத்தில் வாய் திறந்து பேசுவார்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலம் நன்கு அறியாமையால் இவையெல்லாம் நமக்கு எட்டா என்று தாய்மார் சிலர் பிள்ளைகளைத் தடுக்கின்றனர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா அவர்கள் தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் என்னும் திட்டத்தைக் காண்க. பாடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம். திரையில் செய்முறை ஓடும். குரல் தமிழில் ஒலிக்கும். கற்பவர் அருகே மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, சிறிது கேட்டு நிறுத்தி, தாமும் அதனைச் செய்து, மேலும் கேட்பர். லிபர் ஆபீஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றிற்கு இம்முறையில் தமிழ்ப் பாடங்கள் உள. நம் தொழிலுக்குரிய அரிய மென்பொருள்களுக்கு இல்லை. இல்லாதவற்றை ஆக்குதல் பம்பாயின் கடமையோ, நம் கடமையோ?

கணக்கில் நம்முடைய சொற்கள் எவ்வளவு பழமையானவை! நாள்வழி, சிட்டை, பேரேடு, பற்று, வரவு, ஐந்தொகை என்று நம் மண்டிக் கடைகளில் வழங்கியவை யாவும் இன்றும் உயிருள்ள சொற்களே. புதிய சொற்களுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. மார்க்கர், ரைசர், வவுச்சர் என்று தொழிலார் வழங்கினால் அவ்வாறே எழுதுக. தூய தமிழ்ச்சொல் ஆக்கித் தருகிறோம் என்று எம்போன்ற பண்டிதர்கள் குறுக்கே நின்றால், குறிப்பு எழுதத் தொடங்கியவர் எழுதுகோலைக் கீழே வைத்து விடுவார். சொல்லாராய்ச்சி பின்னர் நிகழ்க. குறிப்பு முதலில் எழுதப்படுக.

எனவே யாம் வேண்டுவது இது. தொழில் மென்பொருள் வைத்திருக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் கூடத்தில் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். காலையில் திறப்பது முதல் மாலையில் மூடுவது வரை, எப்பொத்தானை எதற்காக அழுத்துகின்றோம், பிழைச் செய்தி வந்தால் யாது செய்தோம் என்பதனைப் பணியாளர் அன்றாடம் தமிழில் எழுதுக. முதலாளியும் திங்களுக்கு ஒருமுறை அதனைப் படித்து, அதன்படி தாமே ஒரு பட்டியல் போட்டுப் பார்க்க. சோமனூர் அன்பர் இப்பொழுது இவ்வாறு செய்கின்றார்; அவர் மனைவியாரே இன்று மாதக் கணக்கைப் பதிந்து அனுப்புகின்றார். வணிகவியல் பட்டம் பெற்று, திருமணத்தின்பின் வீட்டில் இருக்கும் பெண்மக்கள் நம்மிடையே பலர். அவர்களுடைய கல்வி பயன்படுதற்கு இதைவிட அண்மையான இடம் வேறில்லை. வாணிக இரகசியம் வெளிப்படும் என்று அஞ்சுவோர், விலையும் வாடிக்கையாளர் பெயரும் நீக்கிக் குறிப்பை நமக்குத் தரலாம். பொத்தானில் இரகசியம் யாதும் இல்லை.

சங்கக் கல்வி நிதியிலிருந்து கணிப்பொறிப் பயிற்சிக்கு உதவி கேட்டு விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றைக் கொடுக்குமுன் மூன்று வினாக்களைச் செயற்குழு கேட்க வேண்டும் என்பது எம் கருத்து. கற்பிப்பவர் அத்தொழிலில் பணி செய்தவரா? பயிற்சி எப்பதிப்பில் நிகழ்கின்றது? உண்மையான ஒரு வேலையைத் தொடக்கம் முதல் இறுதி வரை மாணாக்கர் செய்து முடிக்க இடம் தருவார்களா? இவற்றிற்கு விடையில்லாமல், வேலை உறுதி என்று மட்டும் அச்சிட்டிருக்கும் நிலையத்திற்கு நம் நிதி ஒரு காசும் செல்லலாகாது. அத்தொகையில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவருக்கு ஆறு வாரச் சம்பளம் கொடுக்கலாம்.

சங்கக் கட்டிடத்தின் கீழறை மாலையில் பூட்டிக் கிடக்கின்றது. அதில் இரண்டு கணிப்பொறிகளை வைக்கத் தலைவர் அவர்கள் இசைந்துள்ளார். ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம், தொழிலில் இருப்பவர் ஒருவர் வந்து தாம் அறிந்ததைக் காட்டுக. இளைஞர் சூழ அமர்ந்து காண்க. அவ்வறை நம் கட்டிடத்தில் இருப்பினும், கற்க வரும் அயல் சமூகத்துப் பிள்ளையை இன்னார் என்று வினவித் திருப்பி அனுப்பலாகாது; நம் பிள்ளைகள் கற்றதும் கற்பதும் பலரிடமே அன்றோ!

முதலிற் காட்ட முன்வருவோர் தம் பெயரையும், புழங்கும் மென்பொருளின் பெயரையும், அதன் பதிப்பையும், எவ்வாண்டு முதல் புழங்குகின்றார் என்பதையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்திற்கு முன்னர்ச் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம். கற்க விரும்புவோரும் அவ்வாறே எழுதிக் கொடுக்கலாம். மென்பொருளின் பெயர் தெரியாவிடின், செய்ய விரும்பும் தொழிலின் பெயரை மட்டும் எழுதினாற் போதும்.